சொல்லிவிட்டு அடிப்பவர்

அவர் என்னை முதன்முதலாக அடித்தபோது, அடிக்கப்போகும் செய்தியை முறைப்படி முன்கூட்டியே அறிவித்தார்.

"மக்கா, எடது தோளு. இப்பம் வாறேன், கேட்டியா?"

நான் சிரித்தேன். எதிரே நிற்பவனிடம் உண்மை பேசும் மனிதன் உலகில் இருக்க இயலாது என்பது அந்நாளில் என் உறுதியான கொள்கை. ஆகவே இடது தோளைத் திறந்து போட்டுவிட்டு, வலது விலாவைக் காத்துக்கொண்டு நின்றேன். அடுத்த கணம், அடிமுறைச் சண்டை பயிலும் களரியின் செம்மண்ணில் மல்லாந்து கிடந்தபடி, தென்னை ஓலைகளின் அடிப்பாகம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, மெய்யான வருத்தத்தோடு கேட்டார்:

"சொன்னேனே மக்கா, எடது தோளுன்னு. பின்ன என்னத்துக்கு வலது பக்கம் காவலு நின்னே?"

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்கு அது யாரென்று விளங்காது. எங்கள் மிஷன் கோயிலில் மணி அடிப்பவர் அவர். ஆகவே மணியடி அண்ணன். ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் ஒன்று அவருக்கு உண்டு என்பதே எங்களில் பலருக்கு அவர் கல்லறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

குள்ளமான உருவம். கயிறு இழுத்து இழுத்து முன்கைகள் இரண்டும் உலக்கைபோல் ஆகியிருந்தன. வயிறோ எந்தக் கயிற்றுக்கும் கட்டுப்படாமல் தன் போக்கில் வளர்ந்திருந்தது. அடிமுறை கற்கும் ஆசை அவருக்கு எப்போது பிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. மூன்றாவது குழந்தைக்குப் பிறகுதான் என்று அவர் மனைவி உறுதியாகச் சொல்வார். "பிள்ளை பெத்தது நான். பெலன் குறைஞ்சு போச்சுன்னு களரிக்குப் போனது அவராக்கும்."

நான் அக்காலத்தில் வெள்ளறடைச் சந்தையில் தையல் இயந்திரம் மிதித்துக்கொண்டிருந்தேன். குனிந்தே இருந்தால் முப்பது வயதுக்குள் முதுகு வளைந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தியதால் களரியில் சேர்ந்தவன். எங்கள் ஊரின் அமைப்பு எளியது. பாறைமேட்டில் கோயில், அதன் வாசலில் நான்கு தூண்களின்மேல் நின்ற மணிக்கூண்டு, மேட்டின் அடியில் ஒரு மைதானம், மைதானத்தைத் தாண்டினால் ஓர் ஓடை, ஓடையின் மறுகரையில் ஆசானின் களரி. மணிக்கூண்டில் நின்றால் களரியின் கூரை தெரியும். களரியில் நின்றால் மணிச்சத்தம் காதைப் பிளக்கும்.

முன்னறிவிப்புச் செய்யும் வழக்கம் அவருக்கு மணியிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் மணி அடித்தால், இன்னும் அரைமணி நேரத்தில் ஆராதனை என்று பொருள். பெண்கள் அடுப்பை அணைப்பார்கள். ஆண்கள் சட்டையைத் தேடுவார்கள். இரண்டாம் மணி அடித்தால் ஆராதனை தொடங்கிவிட்டது. இந்தச் சிறிய ஏற்பாட்டிலிருந்து அவர் மனித ஒழுக்கம் முழுவதையும் வருவித்துக்கொண்டிருந்தார். முதல் மணி அடிக்காமல் செய்யப்படும் எந்தக் காரியமும் அவர் கணக்கில் களவு.

வீட்டிலும் இதே நடைமுறைதான். காலையில் கஞ்சி குடிக்கும்போதே மனைவியிடம், "இன்னைக்குச் சாயங்காலம் நான் கோபப்படுவேனாக்கும். நேத்து குழம்பிலே உப்பு இல்லே" என்பார்.

"கோபப்படுங்க. அதுக்கு முன்னே வெறகு கீறிப் போட்டிருங்க" என்பார் அந்த அம்மாள்.

மாலைக்குள் விறகு கீறப்பட்டிருக்கும். கோபம் வியர்வையோடு போயிருக்கும். ஆனாலும் சொன்ன சொல் தவறக்கூடாதென்று திண்டாடியபடி வாசலில் நின்று, சிறிது நேரம் கோபப்படுவார். அந்த அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "ஆச்சா?" என்று கேட்பார்.

"ஆச்சு" என்று இவர் உள்ளே போவார்.

களரிக்குள் நுழைகிறவன் மூலையிலுள்ள விளக்கை வணங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைக்க வேண்டும். மிஷன் கோயிலின் மணிக்காரன் விளக்கைக் கும்பிடுகிறான் என்ற புகார் போதகரிடம் சென்றது. போதகர் அவரை அழைத்து விசாரித்தார். இவர் கைகட்டி நின்று விடை சொன்னார்:

"கும்பிடல்லே அய்யா. நான் உள்ள வாறேன்னு சொல்லுதேன். யாருக்க வீடானாலும் சொல்லாம நுழையப்பிடாது, இல்லியா?"

போதகர் கல்விமான். இதற்கு எதிரான வசனம் ஒன்றைத் தேடி வேதப் புத்தகத்தைச் சிறிது நேரம் புரட்டினார். பிறகு, மணியின் அச்சுக்கு எண்ணெய் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெருங்கடவிளைச் சந்தையில் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். மரச்சீனிக் கிழங்கு எடைபோடும் இடத்தில், ஒரு தடியன் எடைக்கல்லை மாற்றிவைத்து ஒரு கிழவியை ஏமாற்றிக்கொண்டிருந்தான். மணியடி அண்ணன் அவனை நெருங்கி, "மோனே, அந்தக் கல்லை எடு. எடுக்கல்லேன்னா நான் ஒனக்க வலது தொடையிலே உதைப்பேன். உதைச்சா நீ இருந்திருவே" என்றார்.

தடியன் சுற்றிலும் பார்த்துச் சிரித்தான். "தொடையிலேன்னு சொல்லி மூக்கிலே குத்துவே. எனக்குத் தெரியாதாடே?" என்று மூக்கை இரு கைகளாலும் மூடிக்கொண்டான். அதே நிலையில், மூக்கை மூடியபடியே, உட்கார்ந்தான். சந்தை முடியும்வரை எழவில்லை.

நாளடைவில் எங்கள் களரியில் ஓர் உண்மை நிலைபெற்றது. அவரை நம்பியவன் தப்பினான். சந்தேகப்பட்டவன் அடி வாங்கினான். எங்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் அடி வாங்கிக்கொண்டிருந்தோம்.

இனி கறுப்புக் கச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சை என்பது இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டும் நீண்ட துணி. மற்றக் களரிகளின் முறை எனக்குத் தெரியாது. எங்கள் ஆசான் தம் களரிக்கென்று மூன்று நிறங்களை விதித்திருந்தார். சேர்கிறவனுக்கு வெள்ளை. காலடிச் சுவடும் கம்பு வீச்சும் படித்து முடித்தவனுக்குச் சிவப்பு. கறுப்பு ஒருவனுக்கும் கிடைத்ததில்லை. ஏனெனில் அதற்கு அவர் வைத்திருந்த பரீட்சை ஒன்றே ஒன்று. ஆசான் அறியாமல் ஆசானின் பிடரியில் கை வைக்க வேண்டும். எந்த இடத்திலும் வைக்கலாம், எந்த நேரத்திலும் வைக்கலாம். கை பட்ட பிறகே அவர் அறிய வேண்டும்.

ஆசானின் காது பெயர்பெற்றது. பின்னால் வருகிறவன் யார், அவன் எந்தக் காலில் முள் தைத்தவன் என்பதுவரை நடையொலியில் சொல்லிவிடுவார். ஆரியங்கோட்டில் வேறொரு களரி இருந்தது. அங்குள்ளவர்கள் எங்கள் ஆசானைக் குறித்து எதையும் பேசுவார்கள். அவர் காதைக் குறித்து மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். களரிக்கு ஆள் சேர்வதும், எலும்பு முறிந்தவர்கள் அவரிடம் எண்ணெய் போட வருவதும் அந்தக் காதின் புகழால்தான்.

சிவப்புக் கச்சையைப் பெற்ற நாளிலிருந்து, மணியடி அண்ணனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இல்லாமல் போயிற்று. கச்சைத் துணியை மாணவன் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டுமென்பது விதி. அவர் மனைவி முதல் உற்சாகத்தில் நல்ல கோடித்துணி வாங்கி, கடுக்காயையும் துருப்பிடித்த ஆணிகளையும் ஊறவைத்துக் கறுப்புச் சாயம் ஏற்றினார். நான்தான் ஓரம் அடித்துக் கொடுத்தேன். அது பெட்டிக்குள் காத்திருந்தது. காத்திருந்து சலித்துப்போய், ஒரு மழைக்காலத்தில் அந்த அம்மாளுக்கு இடுப்பு வலி வந்தபோது வெளியே வந்தது. அதை இறுகச் சுற்றிக்கொண்டு அவர் நெல் குத்தினார். ஆகவே அந்த வட்டாரத்தில் முதன்முதலாகக் கறுப்புக் கச்சை கட்டியவர் ஒரு பெண்மணியே என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கச்சை கிடைக்காத காரணத்தை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். சொல்லாமல் எதையும் செய்யத் தெரியாத மனிதருக்கு, சொல்லாமல் செய்ய வேண்டிய பரீட்சை.

அவர் முயன்றார். ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஆசானின் பின்னால், நீரின் இரைச்சலை மறைவாகக்கொண்டு, பூனைபோல் சென்றார். பிடரிக்கும் கைக்கும் ஒரு சாண் இருக்கும்போது இருமினார். ஒருமுறை ஆசான் மரச்சீனியும் மீனும் தின்றுகொண்டிருந்தார். அந்த வேளையில் அவருக்கு உலகமே நினைவிராது. இவர் பின்னால் போய் நின்று, "ஆசானே, மன்னிக்கணும்" என்றார்.

ஆசான் மீன்முள்ளைத் துப்பிவிட்டுத் திரும்பினார். "எலே, நீ சாவும்போதும் மணி அடிச்சிட்டுத்தான் சாவியா?"

"சாவு மணி வேற ஆசானே. அது செத்த பிறவாக்கும் அடிக்கணும். விட்டு விட்டு" என்று இவர் முறையை விளக்கினார்.

"ஒனக்குக் கறுப்புக் கச்சை கிட்டாதுடே. போயி வெள்ளத்திலே கையைக் கழுவு."

அவர் கையைக் கழுவச் சென்றார். முகத்தையும் சேர்த்துக் கழுவினார். அதைக் கண்ட நாங்கள், எங்கள் இயல்புக்கு மாறாக, வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இந்நிலையில்தான் எல்லைப் போராட்டம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தாலுகாவை மலையாளப் பகுதியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று பாறசாலையிலிருந்து மலையடிவாரம்வரை கூட்டங்கள் நடந்தன. காலையில் மலையாளத்தில் மீன் வாங்கியவர் மாலையில் தமிழுக்காகக் கோஷமிட்டார். மீனை விற்றவரும் பக்கத்தில் நின்று, அதைவிட உரத்த குரலில் கோஷமிட்டார். பிறகு ரிசர்வ் போலீஸ் வந்தது. கூட்டங்களுக்குத் தடை வந்தது. தடை வந்த பிறகு கூட்டத்துக்கு ஆட்கள் அதிகமாக வந்தார்கள்.

எங்கள் மைதானத்திலும் ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. போலீஸ் வண்டி ஏறிவரும் சாலை மணிக்கூண்டிலிருந்து தெளிவாகத் தெரியும். ஆகையால் கூட்டம் நடத்துகிறவர்கள் மணியடி அண்ணனிடம் வந்து, வண்டியைக் கண்டதும் மணி அடிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். மணி கர்த்தருடையது என்று போதகர் தயங்கினார். "போலீசு அடிச்சா எல்லாரும் கர்த்தரைத்தானே அய்யா கூப்பிடுவாவ? கொஞ்சம் முன்கூட்டிக் கூப்பிடட்டும்" என்று இவர் சொல்லவே, போதகர் அன்று பக்கத்து ஊரில் தமக்கு ஓர் அவசர ஜெபக்கூட்டம் இருப்பதை நினைவுகூர்ந்தார்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும். ஆனால் மணியடி அண்ணன், கூட்டத்துக்கு முந்தைய நாள், சட்டை அணிந்து, தலையை வாரி, காவல் நிலையத்துக்கு நடந்து சென்று இன்ஸ்பெக்டரைச் சந்தித்தார்.

"ஏமானே, நாளைக்கு நிங்களுக்க வண்டி வந்தா நான் மணி அடிப்பேன். அதைச் சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன்."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்து, பைத்தியமா என்று மலையாளத்தில் கேட்டார்: "தனிக்குப் பிராந்துண்டோ?"

"இல்லே ஏமானே. எனக்கு மணியாக்கும் சோலி."

மாலையில் இதை எங்களிடமும் அவரே வந்து சொன்னார். களரியில் இருந்த அத்தனை பேரும் தலையில் கை வைத்தோம். ஆசான் மட்டும் நெடுநேரம் சிரித்தார். இன்ஸ்பெக்டர் நம்பியிருக்கமாட்டார் என்பது எங்கள் ஆறுதல். மணியடி அண்ணனை யாரும் முதல்முறை நம்பியதில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் நம்பிவிட்டார். அந்த மனிதரின் அறிவைப் பிற்காலத்தில் நான் மெச்சியிருக்கிறேன்.

மறுநாள் பிற்பகல் மைதானம் நிரம்பியது. ஆசானை முன்வரிசையின் ஓரத்தில், ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி, நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அவர் அங்கே இருப்பதே கூட்டத்துக்குக் காவல் என்று எண்ணம். நான் அவருக்கு நாலடி தள்ளி நின்றேன். ஒலிபெருக்கி பெரிய குரலில் அலறிக்கொண்டிருந்தது. அந்த ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக் காது எதற்கு உதவும் என்று எங்களில் எவனும் யோசிக்கவில்லை. எல்லாரும் நிம்மதியாக மணிக்காகக் காத்திருந்தோம்.

வண்டி வரவில்லை. போலீசார் ரப்பர்த் தோட்டத்து ஒற்றையடிப் பாதை வழியாக, பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்தே வந்தார்கள். அவர்கள் மரங்களுக்கிடையிலிருந்து வெளிப்பட்ட இடம் ஆசானின் நாற்காலிக்கு நேர் பின்னால். முதலில் வந்த போலீஸ்காரன் தடியோடு நாற்காலியை நோக்கிப் பதுங்கிப் பதுங்கி வந்தான்.

மணியடி அண்ணன் மேட்டிலிருந்து அதைக் கண்டிருக்கிறார். மணி அடித்தால் கூட்டம் மணிக்கூண்டைத்தான் திரும்பிப் பார்க்கும்; ஆசானின் முதுகை யாரும் பார்க்கமாட்டார்கள். அவர் கயிற்றை விட்டார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அந்த மேட்டிலிருந்து ஒரு மனிதன் அவ்வளவு விரைவில் இறங்க முடியும் என்பதை, இறங்கியவர் அவராக இல்லாவிட்டால் நான் நம்பியிருக்கமாட்டேன். தடி ஓங்கிய கணத்தில் என்னைத் தாண்டிப் பாய்ந்தார். ஆசானின் பிடரியில் கையை வைத்து, ஒரே அழுத்தில் அவரை நாற்காலியோடு மண்ணில் கவிழ்த்தார். தடி, ஆசானின் தலை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாததைக் கண்டு, இவர் தோளில் இறங்கியது.

இடது தோள்.

பிறகு எல்லாரும் ஓடினோம். எவ்வளவு கண்ணியமாக ஓடினோம் என்பதை விவரிக்க இந்த இடம் போதாது. மறுநாளிலிருந்து ஊரில் வீக்கமில்லாத முதுகு அரிது. மணியடி அண்ணனைத் திட்டாத வாயும் அரிது. "சொல்லாம மணி அடிச்சா அது கள்ளத்தனம் இல்லியா?" என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர்களின் சொற்களை நான் எழுதுவதற்கில்லை.

சில நாட்களில் வீக்கம் வடிந்தது. அதன்பின் வேறொரு பேச்சு எழுந்தது. அதைக் கிளப்பியவர்கள் ஆரியங்கோட்டுக் களரிக்காரர்கள். மணி அடிக்கிறவன் பின்னால் வந்து பிடரியில் கை வைத்திருக்கிறான், ஆசான் அறியவே இல்லை, காது போய்விட்டது என்று சந்தைதோறும் பேசினார்கள். எண்ணெய் போட வருகிறவர்களில் சிலர் ஆரியங்கோட்டுக்கு வழி கேட்கத் தொடங்கினார்கள்.

வெள்ளறடைச் சாயாக்கடையில் ஒரு சந்தைநாள் காலையில் இதற்குத் தீர்ப்பு ஏற்பட்டது. ஆசான் ஒரு பெஞ்சில் இருந்தார். மணியடி அண்ணன், கழுத்திலிருந்து கை தொங்கும் கட்டோடு, எதிர் பெஞ்சில் இருந்தார். நான் நடுவில். ஆரியங்கோட்டுக் களரியின் மூத்த மாணவன் ஒருவன் கடைக்குள் வந்து, வேண்டுமென்றே உரத்த குரலில் கேட்டான்:

"மணியடி அண்ணா, நிங்க பொய் சொல்லாத ஆளாக்கும். நேரே சொல்லும். அன்னைக்கு ஆசானுக்க பிடரியிலே கை வச்சது, சொல்லீட்டா, சொல்லாமலா?"

கடையில் சாயா ஆற்றுகிறவன்கூட ஆற்றுவதை நிறுத்தினான்.

சொல்லாமல் என்றால் கறுப்புக் கச்சை அவருக்கு. ஆசானின் காதுக்கு அன்றோடு முடிவு. சொல்லிவிட்டு என்றால் ஆசான் தப்பினார், கச்சை போயிற்று. இது கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

ஆசான் கிளாஸைக் கீழே வைத்தார். "சொல்லுலே. உள்ளதைச் சொல்லு. உள்ளது அதுதான்னா இன்னைக்கே நான் ஒனக்குக் கச்சை கெட்டுவேன்."

மணியடி அண்ணன் தம் சாயாவைப் பார்த்தார். அதில் மிதந்த ஆடையை விரலால் ஒதுக்கினார்.

"சொன்னேன்" என்றார்.

"என்ன சொன்னீரு?"

"ஆசானே, பிடரி, இப்பம் வாறேன்னு சொன்னேன். ஆசானும் கேட்டாரு. கேட்டுத்தான் குனிஞ்சாரு."

ஆரியங்கோட்டுக்காரன் என்னிடம் திரும்பினான். "நீ பக்கத்திலே நின்னே இல்லியா? ஒனக்குக் கேட்டுதா?"

என் காதில் அடிபட்டிருந்தபடியால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். எனக்கு அடிபட்டது முழங்காலில்.

பொய் சொல்லாத மனிதர் என்று பெயரெடுத்தவரின் சாட்சியத்துக்கு மேல் மறுப்பு ஏது? அவன் போய்விட்டான். ஆசான் மீதிச் சாயாவைக் குடித்து முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர் கை தன்னையறியாமல் பிடரியைத் தடவியதை நான் கவனித்தேன். காது ஏமாறலாம், பிடரிக்குத் தெரியும்.

மணியடி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சிவப்புக் கச்சையைத் துவைத்து, உலர்த்தி, மடித்துப் பெட்டியில் வைத்தார். கை குணமான பிறகும் களரிக்கு வருவார், ஓரத்தில் உட்காருவார், இறங்கமாட்டார். "இறங்குங்க அண்ணா" என்றால், "வேண்டாம் மக்கா. சொல்லாம அடிச்சுப்போட்டேன். பிறவு சொன்னேன்னும் சொல்லிப்போட்டேன்" என்பார், என் காதருகே. இரண்டு குற்றங்களில் எது பெரிதென்று அவருக்கே முடிவாகவில்லை.

பிறகு எல்லை வந்தது. பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் ஓடைதான் எல்லை. மேடும் கோயிலும் மணியும் கேரளம், களரி தமிழ்நாடு. பாலத்தின் நடுவில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, ஒரு கான்ஸ்டபிளையும் நிறுத்தினார்கள். எத்தனையோ பேர் அழுதார்கள், எத்தனையோ பேர் ஏசினார்கள். மணியடி அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்:

"இவ்வளவு பெரிய காரியம் செய்யுதானுவ. ஒரு முதல் மணி அடிச்சானுவளா?"

ஆசானுக்குத் தாம் கேட்ட பக்கமே கிடைத்திருந்தும் கோபம் அடங்கவில்லை. தம் மாணவர்களில் பாதிப் பேர் மறுபக்கம் போய்விட்டார்கள். கோடு போட்டவனே வந்து அழிக்கட்டும், அதுவரை நான் பாலத்தைத் தாண்டமாட்டேன் என்று சபதம் செய்தார். நல்ல மீன் எங்கள் பக்கத்துச் சந்தையில்தான் கிடைக்கும் என்பதையும் பொருட்படுத்தாமல் அதைக் காத்தார். நாங்கள்தான் மூங்கிலைக் குனிந்து கடந்து களரிக்குப் போய்வந்தோம். மணியடி அண்ணன் ஒவ்வொரு முறையும் கான்ஸ்டபிளிடம் நின்று, "போறேன்", திரும்பும்போது "வந்தேன்" என்று அறிவிப்பார். கான்ஸ்டபிள் நாளடைவில், அவரைத் தூரத்தில் கண்டதுமே மூங்கிலைத் தூக்கத் தொடங்கினான்.

அடுத்த மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் மணி அடித்தாயிற்று. நான் வழக்கம்போல் முன்னதாகவே வந்து மணிக்கூண்டின் அருகே நின்றேன். மணியடி அண்ணன், வேட்டியும் சட்டையுமாக, இரண்டாம் மணிக்காகக் கயிற்றை இரு கைகளாலும் பற்றித் தலைக்கு மேலே உயர்த்தியிருந்தார். மணி அசைந்து ஒலி எழும்பத் தொடங்கிவிட்டது. இரண்டாம் மணியை நடுவில் நிறுத்துவது எங்கள் கோயிலில் கேட்டறியாத காரியம்.

மேட்டுப் படியில் ஆசான் ஏறிவந்தார்.

அவர் பாலத்தைத் தாண்டியிருந்தார். அதைவிட வியப்பு, கோயில் வாசலை மிதித்திருந்தார். அக்குளில் கறுப்பாக ஒரு துணிச்சுருள். அவருக்குப் பின்னால் மணியடி அண்ணனின் மனைவி, வேதப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி, ஒன்றும் அறியாதவர்போல் வந்தார். இடுப்பு வலிக்குக் கட்டும் துணியை அன்று அந்த அம்மாள் கட்டியிருக்கவில்லை என்பதை நான் அப்போது கவனித்தேன். அந்த வீட்டில் முன்னறிவிப்பில்லாமல் ஒன்றைச் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவரே.

ஆசான் எனக்கு விரலால் எச்சரிக்கை காட்டிவிட்டு, மணியடி அண்ணனின் பின்னால் போய் நின்றார். மணிச்சத்தத்தில் இவருக்கு எதுவும் கேட்கவில்லை. கயிறு மேலே போனது. கைகளும் மேலே போயின. இடுப்பு காவலில்லாமல் நின்றது. கச்சை அதைச் சுற்றி ஒரு வளையம் வந்து இறுகிய பிறகுதான் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஆசானே! என்னது இது? ஒரு வார்த்தை சொல்லீட்டு வரப்பிடாதா?"

"சொன்னா நீ இடுப்பைத் தருவியாடே? மணியை அடி. நிறுத்தாதே."

அவர் அடித்தார். வேறு வழி இல்லை. ஆசான் நிதானமாக, வயிற்றின் பரப்புக்கு ஏற்ப, வளையத்தின்மேல் வளையமாகச் சுற்றினார். கோயிலுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். போதகர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். மணி நீண்டுகொண்டே போனதால், எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று எண்ணிச் சிலர் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

முடிச்சைப் போட்டுவிட்டு ஆசான் அவர் காதில் கேட்டார். மணிக்கு மேலே கேட்க வேண்டியிருந்ததால் கத்தியே கேட்டார். எனவே படியில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"இப்பம் சொல்லு. அன்னைக்கு மைதானத்திலே நீ சொன்னியா?"

கயிறு ஒருமுறை மேலே போய் வந்தது. இன்னொரு முறையும் போய் வந்தது.

"இல்லே ஆசானே."

"எனக்குத் தெரியும்டே."

ஆசான் படியிறங்கினார். பாலத்தை நோக்கி நாலடி நடந்தவர், ஏதோ நினைவு வந்தவராக நின்று, சந்தைப் பக்கம் திரும்பினார். எப்படியும் சபதம் போய்விட்டது. மீனாவது வாங்கிப் போகலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

மணியடி அண்ணன் கயிற்றைக் கட்டிவிட்டுக் கச்சையைக் குனிந்து பார்த்தார். தடவினார். பிறகு மனைவியிடம் திரும்பி, தம்மால் இயன்ற கடுமையான குரலில் அறிவித்தார்:

"இன்னைக்குச் சாயங்காலம் நான் கோபப்படுவேனாக்கும்."

"படுங்க" என்றார் அந்த அம்மாள். "கச்சையை அவுத்துத் தந்திட்டுப் படுங்க. எனக்கு நெல்லு குத்தணும்."